வாஷர் மாற்றப் போய்: ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் 1.3 ஜூலும்

ஒரு சனிக்கிழமை ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு காபி விலைகூட பெறாத ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினேன். மறுநாள் காலை விளையாட்டு மைதானத்தில் வேகம் அளக்கும் மேஜையில் இருந்த மார்ஷல், கருவியில் வந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் எண்ணைப் பார்த்தார். "இதைப் பையில வச்சிடுங்க. இன்னிக்கு இது வெளியே வரவே கூடாது" என்றார். அதட்டவில்லை, ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த ரப்பர் வளையத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் இயந்திரவியல், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் சட்டம் இருக்கிறது. மூன்றையும் பிறகு உட்கார்ந்து படித்தேன், கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், ஏர்சாஃப்ட் என்றால் என்ன

நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், ஆனால் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மை என்று சொல்லலாம். இரண்டு அணியாகப் பிரிந்து காட்டுக்குள்ளோ பழைய கட்டடத்துக்குள்ளோ ஓடி ஒளிந்து சுட்டு விளையாடுவார்கள். பெயின்ட்பால் விளையாடியிருந்தால் பாதி புரிந்துவிடும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: பெயின்ட்பாலில் பட்டால் சட்டையில் சாயம் ஒட்டும். ஏர்சாஃப்டில் ஒன்றும் ஒட்டாது. பட்டவர் தானே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அதாவது மொத்த விளையாட்டும் நேர்மையின் மேல் ஓடுகிறது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இது பிறந்தது ஜப்பானில், 1970-களில். சாதாரண ஆட்கள் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அங்கே ஏறக்குறைய முடியாத காரியம். ஆசை மட்டும் இருந்தது. முதலில் கையால் இழுத்துவிடும் ஸ்பிரிங் துப்பாக்கிகள், பிறகு வாயுவில் இயங்குபவை. 1991-இல் டோக்கியோ மருய் நிறுவனம் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கி வடிவில், உள்ளேயே பேட்டரியும் மோட்டாரும் வைத்து ஒன்றை வெளியிட்டது. ஏ.இ.ஜி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளின் தொடக்கம் அதுதான். இன்றைக்கு என் கையில் இருப்பதும் அந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைதான்.

உள்ளே இருப்பது ஒரு சைக்கிள் பம்பு

வெளியே பார்த்தால் பயமாக இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது மோட்டார் வைத்த சைக்கிள் பம்பு. அவ்வளவுதான்.

விசையை அழுத்தினால் மோட்டார் சுற்றுகிறது. மூன்று பல்சக்கரங்கள் வழியாக அந்தச் சுற்று கடைசிச் சக்கரத்துக்கு வருகிறது. அந்தக் கடைசிச் சக்கரத்தில் ஒரு தந்திரம்: அதன் விளிம்பில் பாதிக்குத்தான் பல் இருக்கும், மீதி பாதி மொழுக்கையாக இருக்கும். பல் இருக்கும் பாதி பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை நசுக்குகிறது. பல் தீர்ந்து மொழுக்கைப் பாதி வந்ததும் பிஸ்டனைப் பிடிக்க ஆளில்லை. ஸ்பிரிங் அதை முன்னால் விசிறி அடிக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் காற்று அழுந்தி, முன்னால் இருக்கும் சின்னக் குழாய் வழியாக, நாசில் என்பார்கள், பேரலுக்குள் பாய்ந்து குண்டைத் தள்ளுகிறது. சக்கரம் சுற்றும்போதே ஒரு பிளாஸ்டிக் தகடு நாசிலைப் பின்னால் இழுத்து, அடுத்த குண்டு மேலே ஏற வழி விடுகிறது. விசையை அழுத்திப் பிடித்தால் இதெல்லாம் விநாடிக்குப் பதினைந்து தடவை நடக்கும்.

சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்து சுருங்கினால் என்ன ஆகும்? மூச்சு வாங்க அடித்தாலும் டயரில் காற்று ஏறாது. பக்கவாட்டில் "புஸ்" என்று போய்விடும். நாம் வாஷரை எடுத்து, எண்ணெய் விட்டு, விரித்துவிட்டுத் திரும்பப் போடுவோம். ஏர்சாஃப்டிலும் அதே நோய், அதே வைத்தியம். கசிய வாய்ப்புள்ள இடங்கள் ஐந்து: பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங், சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவே, மூடிக்கும் நாசிலுக்கும் நடுவே, நாசிலுக்கும் குண்டைப் பிடித்திருக்கும் ரப்பருக்கும் நடுவே, அந்த ரப்பருக்கும் பேரலுக்கும் நடுவே.

சோதனை சுலபம். சிலிண்டரில் பிஸ்டனைப் போட்டு, மூடியையும் நாசிலையும் மாட்டி, நாசில் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ள வேண்டும். காற்று மெத்தை மாதிரி எதிர்த்து நின்றால் நல்லது. தடையில்லாமல் உள்ளே போனால் கசிவு.

இரண்டு பக், ஒன்றை ஒன்று மறைத்தபடி

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி. மைதானத்தில் அளக்கும்போதெல்லாம் 290 எஃப்.பி.எஸ். பக்கம்தான் காட்டும், அதாவது விநாடிக்கு 290 அடி. குண்டு நாற்பது மீட்டருக்கு மேல் போனால் சோர்ந்து விழும். எதிரில் இருக்கும் பதினேழு வயசுப் பையன்கள் என்னை விளையாட்டாகச் சுட்டுவிட்டுப் போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தச் சனிக்கிழமை திறந்தேன்.

விரல் சோதனை செய்தேன். பிஸ்டன் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி உள்ளே போனது. ஓ-ரிங் தேய்ந்து தட்டையாகி இருந்தது. புது ஓ-ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவி, நாசிலையும் ஹாப் ரப்பரையும் புதிதாக மாற்றினேன். இப்போது விரலை வைத்து அழுத்தினால் பிஸ்டன் நின்றது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு மனைவியைக் கூப்பிட்டு "இங்க பாரேன், அழுத்திப் பாரேன்" என்று காட்டினேன். அவள் அழுத்திப் பார்த்துவிட்டு "சரி, மேஜையைத் துடைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பார்க்காமல் விட்டது ஸ்பிரிங். கையில் எடுத்தேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. எண் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

ஏர்சாஃப்ட் ஸ்பிரிங்குகளுக்கு எம்90, எம்100, எம்110, எம்120 என்று பெயர் வைப்பார்கள். கசிவில்லாத துப்பாக்கியில் 0.20 கிராம் குண்டை விநாடிக்கு ஏறக்குறைய எத்தனை மீட்டர் வேகத்தில் தள்ளும் என்பதுதான் அந்த எண். எம்100 என்றால் 100 மீட்டர். என்னுடையதற்குள் இருந்தது எம்120 ரகம். முன்பு வைத்திருந்தவர் யாரோ, வேகம் குறைகிறது என்று கண்டவுடன், ஓட்டையைத் தேடாமல் கடுமையான ஸ்பிரிங்கைப் போட்டுச் சமாளித்திருக்கிறார். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. ஒரு பக்கை மறைக்க இன்னொரு பக். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது எல்லாச் சோதனையும் பாஸ் ஆகும். நல்ல பிள்ளையாக ஒன்றைச் சரிசெய்தீர்களென்றால், மற்றது முழு உருவத்தில் எழுந்து நிற்கும்.

ஞாயிறு காலை கருவியில் வந்த எண்கள்: 394, 396, 393.

எஃப்.பி.எஸ்.ஸை விடுங்கள், ஜூலைப் பாருங்கள்

வேகம் மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆற்றலைப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு சூத்திரம்தான்: எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம்.

290 எஃப்.பி.எஸ். என்பது விநாடிக்கு 88.4 மீட்டர். 0.20 கிராம் குண்டுக்கு ஆற்றல் 0.78 ஜூல்.

394 எஃப்.பி.எஸ். என்பது 120 மீட்டர். ஆற்றல் 1.44 ஜூல்.

வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பானது. வர்க்கத்தின் வேலை அது. இன்னொரு விதமாகச் சொன்னால், முன்பு ஸ்பிரிங் கொடுத்ததில் கிட்டத்தட்ட பாதி அந்தத் தேய்ந்த ஓ-ரிங் வழியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மைதானத்தின் எல்லை 0.20 கிராம் குண்டுக்கு 350 எஃப்.பி.எஸ்., அதாவது 1.14 ஜூல். இங்கிலாந்தில் பல மைதானங்களில் இதுதான் எல்லை. அதைத் தாண்டினால் அன்றைக்கு விளையாட முடியாது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அவ்வளவு இல்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

இங்கிலாந்தின் 1968 துப்பாக்கிச் சட்டத்தில், 2017-இல் வந்த ஒரு திருத்தம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. ஒன்று, குழல் முனையில் 1 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள எதுவும் உயிருக்கு ஆபத்தான ஆயுதம் என்ற வரையறைக்குள் வரும். இரண்டு, ஏர்சாஃப்டுக்கு ஒரு விலக்கு. 8 மி.மீ.க்கு மிகாத சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடுவதாக இருந்து, தொடர்ந்து சுடக்கூடியதாக இருந்தால் 1.3 ஜூல் வரை, ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்த வேண்டியதாக இருந்தால் 2.5 ஜூல் வரை, அது துப்பாக்கி அல்ல.

இதில் "சுடக்கூடியது" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நான் ஒற்றைச் சுடலில்தான் வைத்திருந்தேன், தொடர் சுடலைத் தொடவே இல்லை என்று சொல்லிப் பயனில்லை. அந்தத் திறன் அதற்குள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. என்னுடையதில் இருக்கிறது. ஆகவே என் எல்லை 1.3.

1.3-ஐத் தாண்டினால் விலக்கு போய்விடும். விலக்கு போனால் அது 1 ஜூலுக்கு மேற்பட்ட, தொடர்ந்து சுடும் ஆயுதம். தானாகத் தொடர்ந்து சுடும் ஆயுதங்களை அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடை செய்கிறது. உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளும் வகையிலேயே அவை வராது.

அதாவது, ராத்திரி பத்து மணிக்கு என் மேஜையில் இருந்தது பொம்மை. பதினொன்றரைக்கு, மனைவி அழுத்திப் பார்த்துவிட்டுப் போன பிறகு நான் மூடித் திருகாணி முடுக்கியபோது, அது பொம்மை இல்லை. காலையில் அதைக் கார் டிக்கியில் வைத்து, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மார்ஷல் ஏன் அவ்வளவு மென்மையாகப் பேசினார் என்பது வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தத் தேய்ந்த ஓட்டைதான் அதுவரை என்னைச் சட்டத்துக்குள் வைத்திருந்திருக்கிறது.

மைதானங்கள் ஏன் 1.3-இல் கோடு போடாமல் 1.14-இல் போடுகின்றன என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது இடைவெளி. அளக்கும் கருவியின் பிழை, அன்றைய வானிலை, ஹாப் திருகின் நிலை எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்டு வைத்த வரப்பு. ஜப்பானில் இன்னும் இறுக்கம். 2006-இல் வந்த அவர்கள் சட்டம் சதுர செ.மீ.க்கு 3.5 ஜூல் என்று கணக்கிடுகிறது. 6 மி.மீ. குண்டின் குறுக்குப் பரப்புக்கு அது 0.989 ஜூல். அங்கே ஒற்றைச் சுடல், தொடர் சுடல் என்ற பாகுபாடே கிடையாது.

வாங்குவதற்கும் இங்கே ஒரு வேலி உண்டு. நிஜம் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை விற்பது 2006 சட்டப்படி குற்றம். ஏர்சாஃப்ட் ஆடுபவர்களுக்கு விற்கலாம் என்ற விலக்கு உண்டு. அதை நிரூபிக்க விற்பனையாளர்கள் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஒரே மைதானத்தில் 56 நாளுக்குக் குறையாத காலத்தில் மூன்று ஆட்டமாவது ஆடியிருந்தால்தான் பெயர் ஏறும். பெயர் இல்லாதவர்கள் பாதிக்கு மேல் பளிச்சென்று நீலமோ பச்சையோ அடித்த துப்பாக்கியைத்தான் வாங்க முடியும். அதை வாங்கி வீட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்தால், தகுந்த விலக்கு இல்லாதவருக்கு அதுவும் குற்றம். ஸ்பிரிங் மட்டும் இல்லை, ஒரு பெயின்ட் டப்பாகூடக் கோட்டைத் தாண்ட வைக்கும்.

எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேகமே இல்லை

இங்கேதான் என் முட்டாள்தனம் முழுசாகத் தெரிந்தது. குண்டு தூரம் போகவில்லை என்றுதானே திறந்தேன்? தூரத்துக்கு வேகம் அவ்வளவு உதவாது. எடையும் சுழற்சியும்தான் உதவும்.

பேரலின் தொடக்கத்தில், மேல் பக்கம், ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். ஹாப்-அப் என்பார்கள். குண்டு அதை உரசிக்கொண்டு போகும்போது பின்சுழற்சி பெறுகிறது. கிரிக்கெட்டில் டாப் ஸ்பின் போட்ட பந்து காற்றில் சட்டென்று கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தலைகீழாக யோசியுங்கள். பின்சுழற்சி குண்டை மேலே தூக்குகிறது. மேக்னஸ் விளைவு என்று பெயர். ஹாப் இல்லாமல் தோள் உயரத்தில் கிடைமட்டமாகச் சுட்டால் முப்பது மீட்டர் பக்கத்திலேயே தரையைத் தொட்டுவிடும். ஹாப் சரியாக வைத்தால், தூக்கும் விசையும் எடையும் ஏறக்குறைய சமமாகி, கோடு போட்டது மாதிரி போகும். அதிகமாக வைத்தால் மரக்கிளைக்கு ஏறிவிடும்.

இனி எடை. ஒரே 1.14 ஜூலுக்கு இரண்டு குண்டை ஒப்பிட்டேன். காற்றுத் தடைக்கு உருண்டைகளுக்கான வழக்கமான கெழுவை (0.45) வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது.

0.20 கிராம் குண்டு 106.7 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 0.28 கிராம் குண்டு 90.2 மீட்டரில்தான் கிளம்பும். முதல் பார்வைக்கு லேசானது ஜெயிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உருவம் ஒன்றே, காற்று இரண்டையும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறது. லேசானது சீக்கிரம் களைத்துவிடும். 16 மீட்டரில் இரண்டின் வேகமும் சமமாகிறது. 30 மீட்டரை இரண்டும் ஒரே நேரத்தில், அரை விநாடி சொச்சத்தில், தொடுகின்றன. 50 மீட்டருக்குக் கனமான குண்டு 0.2 விநாடி முன்னதாகவே போய்விடுகிறது. 30 மீட்டரில் லேசான குண்டிடம் மிச்சமிருப்பது 0.12 ஜூல், கனமானதிடம் 0.23 ஜூல். காற்றடித்தால் விலகுவதும் கனமானதற்குக் குறைவு.

ஆக, மூன்று வருஷமாக நான் 0.20 கிராம் குண்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். குண்டுப் பையை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. என்னுடையது மாதிரி ஸ்பிரிங் துப்பாக்கியில் எடை மாறினாலும் ஆற்றல் அதிகம் மாறாது. ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டர் காற்றுதான். வாயுத் துப்பாக்கி அப்படி இல்லை. கனமான குண்டு பேரலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும், அந்த நேரம் முழுக்க வாயு தள்ளிக்கொண்டே இருக்கும். 0.20-இல் ஒழுங்காக அளந்து காட்டிவிட்டு, காட்டுக்குள் போய் 0.40 போட்டால் ஆற்றல் ஏறிவிடும். ஜூல் கிரீப் என்பார்கள். அதனால்தான் இப்போது பல மைதானங்களில் "நீங்கள் ஆடப்போகும் குண்டைப் போட்டே அளங்கள்" என்கிறார்கள்.

கண்ணுக்கு என்ன கணக்கு

ஜூல் கையில் வந்ததும் கண்ணாடியையும் எடுத்துப் பார்த்தேன். ஐரோப்பியத் தரம் இ.என். 166-இல் கண்ணாடியின் மேல் ஒரு எழுத்து அச்சிட்டிருக்கும். சோதனைக்கு 6 மி.மீ. எஃகு உருண்டை, 0.86 கிராம் எடை. 'எஃப்' என்றால் அது விநாடிக்கு 45 மீட்டரில் மோதித் தாங்கியது. 'பி' என்றால் 120 மீட்டரில் தாங்கியது.

கணக்குப் போட்டால் 'எஃப்' 0.87 ஜூல். 'பி' 6.2 ஜூல்.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடிகள் பல 'எஃப்' ரகம். மரம் அறுக்க, சுவரில் துளை போட அது போதும். மைதானத்தின் 1.14 ஜூலுக்கே அது போதாது. 'பி' எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். பல்லுக்குத் தனிக் கவசம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல மைதானங்களில் முழு முகக் கவசம் கட்டாயம். அங்கே பல் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் கண்ணை மட்டும் மூடிக்கொண்டவர்கள்தான்.

இப்போது என் சனிக்கிழமை

எம்120-ஐ எடுத்துவிட்டு எம்100 போட்டேன். எம்110 போடலாமே என்று கை அரித்தது. கசிவில்லாமல் அது 1.21 ஜூல் கொடுக்கும். சட்டத்துக்குள் இருக்கும், மைதானத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். வேண்டாம்.

திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றுகிறேன். கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் கொக்கியை விடுவித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன். ஓட்டைத் திறக்கும்போது ஸ்பிரிங் துள்ளும், அதனால் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம். பல்சக்கரங்களின் அடியில் இருக்கும் 0.1, 0.2 மி.மீ. வளையங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குகிறேன். மாறினால் சக்கரம் அழும்.

கடைசியாக, ஒரு சின்ன அளவுகருவி வாங்கிவிட்டேன். உள்ளே எதைத் தொட்டாலும், மூடியவுடன் வீட்டுக்குள்ளேயே பத்துக் குண்டு அளந்துதான் பையில் வைப்பேன். இப்போது 0.20 கிராமுக்கு 101 மீட்டர், 1.02 ஜூல். 0.28-க்கு 84 மீட்டர், 0.99 ஜூல். லிப்போ பேட்டரியைப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும், தீப்பிடிக்காத பைக்குள் வைத்துச் சார்ஜ் செய்கிறேன். துப்பாக்கி மூடிய பைக்குள், மேகசின் தனியே, பேட்டரி தனியே. பொது இடத்தில் போலித் துப்பாக்கியைக் காரணமில்லாமல் வைத்திருப்பதும் இங்கே குற்றம். ஆகவே வழியில் பெட்ரோல் போட நின்றாலும் டிக்கி திறக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

துப்பாக்கியைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு, மைதானத்திலேயே ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். என் மகன் எதிர் அணி. பதினைந்து வயது. "அப்பா, உங்க துப்பாக்கி எங்க? ராத்திரி முழுக்க ரிப்பேர் பண்ணீங்களே?" என்றான். "சரியா பண்ணிட்டேன்டா, அதான் பிரச்சினை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு விறகுக் குவியலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். எட்டு மீட்டர்கூட இருக்காது. அவன் தலை தெரிந்ததும் சுட்டேன். தோளில் பட்டது. கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திக்கொண்டு சிரித்தபடியே வெளியே நடந்தான். வாடகைத் துப்பாக்கி, ஒரு ஜூல்கூட இருக்காது. காலையில் மேஜையில் யாரும் அளக்காமல் விட்டிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த ஐந்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ என்னைச் சுட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன்.

இந்த விளையாட்டில் பட்டதைச் சொல்வது நேர்மை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டவன் அந்த நேர்மையைக் காட்டுவதற்கு முன்னாலேயே, சுடுகிறவன் தன் பங்கை வீட்டில் காட்டியிருக்க வேண்டும். எதிரில் இருப்பவனுக்கு என் கியர்பாக்ஸுக்குள் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்று தெரியவே தெரியாது. எனக்கே தெரியாமல்தானே இருந்தது.

இப்போது பையின் உள் மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தேதி, என்ன மாற்றினேன், எந்த ஸ்பிரிங், எந்த எடைக் குண்டு, எத்தனை ஜூல். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஒரு வரி. ஆபீஸில் கோட் மாற்றினால் எழுதும் குறிப்பு மாதிரிதான். என்றைக்காவது இதை விற்றால், வாங்குகிறவருக்கு முதலில் அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டுவேன்.